எண்ணூர்க் கழியின் குறுக்கே சாலை: எந்த வழிக்கு என்ன அனுமதி, நாம் எதைக் கேட்கலாம்

துறைமுக லாரிகளுக்குத் தனி வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மணலி விரைவுச் சாலையிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும், மீஞ்சூர் வழியாகப் போகும் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் டூவீலரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறவர்களிடம் போய் சாலையே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எண்ணூர்த் துறைமுகம் என்று நாம் சொல்லும் காமராஜர் துறைமுகம் 2001-இல் வந்தது, அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது, சரக்கு ஏறிக்கொண்டே போகிறது, அது போகும் தெருக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் போய் அங்கிருந்து மாமல்லபுரம் வரை நீளும் சுமார் 133 கிலோமீட்டர் சென்னை எல்லைச் சாலைத் திட்டமே இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான். இனியும் புதுப்புது இணைப்புச் சாலைகளுக்குப் பேச்சு வரும், அதில் சந்தேகமில்லை.

ஆனால் சாலை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. எந்த வழியாக, எதன் மேல், யாருடைய அனுமதியோடு என்று கேட்டால்தான் நமக்கு ஏதாவது பிடி கிடைக்கும். எண்ணூர்க் கழியை, அதாவது கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்து உவர்நீர்ப் பரப்பைக் கடக்க வேண்டுமென்றால் நடைமுறையில் நான்கு வழிகள்தான் உண்டு: மண் கொட்டிக் கரை போட்டுக் கடப்பது, தூண் மேல் பாலமாகப் போவது, உப்பளம் வழியாகச் சுற்றுவது, இருக்கிற சாலையையே அகலப்படுத்துவது. ஒவ்வொன்றுக்கும் அனுமதிப் பட்டியல் வேறு. காகிதத்தில் சுலபமான வழி தண்ணீருக்கும் சுலபமான வழியாக இருப்பதில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் எந்த வரைபடம் என்று பாருங்கள்

கடலோரத்திலும் கழி ஓரத்திலும் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, எல்லோரும் சொல்வது போலச் சொன்னால் சிஆர்இசட், 1991 பிப்ரவரியில் வந்தது. அப்புறம் 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. 2019 அறிவிக்கை ஓரிடத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் அதற்கேற்ப மாற்றிய கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 2011 விதிதான். இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் கழி ஓரத்தில் 2011 விதி 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இதில் எது குறைவோ அதைக் காக்கச் சொன்னது, 2019 விதியில் அந்த 100 பாதியாகி 50 ஆகிவிட்டது. ஆகவே எந்தத் திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, எந்த ஆண்டு அறிவிக்கையின்படி, எந்த வரைபடத்தின் மேல் இந்தச் சாலையை வரைந்தீர்கள் என்பதுதான்.

விண்ணப்பத்தோடு 1:4000 அளவு வரைபடம் கட்டாயம். கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் உயர் அலைக்கோடு, வற்றத்தில் நிற்கும் தாழ் அலைக்கோடு இரண்டையும் மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனம் குறித்துத் தந்திருக்க வேண்டும், அதன் மேல் சாலையின் கோட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். சுற்றி 7 கிலோமீட்டருக்கு இன்னொரு வரைபடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தடையில்லாச் சான்று, பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் சேர்ந்து மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குப் போகும். அதற்கு 60 நாள் கெடு. சிஆர்இசட் இடங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அலையாத்தி, சேற்றுத்திட்டு, உவர் நிலம், ஆமை முட்டையிடும் இடம் எல்லாம் முதல் வகையில் 1ஏ. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட நிலம் 1பி. தண்ணீர்ப் பரப்பு நான்காம் வகை. இந்த ஒன்றும் நான்கும் டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போக வேண்டியவை. இரண்டாம், மூன்றாம் வகை நிலம் மட்டும் என்றால் மாநில அளவிலேயே முடிந்துவிடும். திட்டம் போடுகிறவர்கள் சாலைக் கோட்டை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தள்ளிப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

மண் கரை

செலவு குறைவு, வேகம் அதிகம், அதனால் பேச்சு முதலில் இங்கேதான் தொடங்கும். சட்டப்படி இதுதான் கடினமானது. 1ஏ நிலத்தில் மண் கொட்டிச் சாலை போட 2019 அறிவிக்கை பாதுகாப்பு, ராணுவ முக்கியத்துவம், பொதுப் பயன்பாடு ஆகிய காரணங்களுக்கு, அதுவும் விதிவிலக்கான நிலையில் மட்டும் இடம் தருகிறது. விரிவான மதிப்பீடு, மாநில ஆணையத்தின் பரிந்துரை, அமைச்சகத்தின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். அலையாத்தி அழிந்தால் அழிந்த பரப்பைப் போல மூன்று மடங்கு வேறிடத்தில் நட வேண்டும்.

இந்த மூன்று மடங்கு என்ற வாக்கியத்தைக் கேட்டதும் பலர் சமாதானமாகிவிடுகிறார்கள். எண்ணூரில் நடுவதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மரமில்லாத சேற்றுத்திட்டில்தான் கொண்டுபோய் நடுவார்கள். அந்தச் சேறுதான் இறாலும் நண்டும் இருக்கும் இடம், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பு அங்கேதான். ஒரு வாழ்விடத்தை அழித்ததற்கு ஈடாக இன்னொரு வாழ்விடத்தை மாற்றுவது ஈடு ஆகாது. நடும் இடம் இப்போது என்னவாக இருக்கிறது, அங்கே யார் மீன் பிடிக்கிறார்கள் என்று அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கரைக்கு அடியில் குழாய் போட்டுவிடுவோம், தண்ணீர் போகும் என்பார்கள். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர் சுற்றித்தான். குஜராத் கடற்கரை போல அலை பல மீட்டர் ஏறுகிற இடமில்லை இது, கழிக்குள் தண்ணீரைத் தள்ளும் விசையே இங்கே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தையும் சில குழாய்களுக்குள் நெருக்கினால் ஏற்றம் உள்ளே போய்ச் சேர்வதற்குள் வற்றம் தொடங்கிவிடும். கழிக்குள் அப்படிப் போட்ட மண்பாதை ஒன்றின் ஓரத்தில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். கடல் பக்கம் தண்ணீர் மட்டம் ஒன்று, உள்பக்கம் வேறொன்று. குழாய் வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டிருக்கும், உள் விளிம்பில் மட்டி ஒட்டி வாய் சுருங்கியிருக்கும், பாதைக்குப் பின்னால் சேறு கறுத்து நாற்றம் எடுக்கும். தண்ணீராவது எப்படியோ கசிந்து போகும், ஃபைபர் படகு குழாய்க்குள் போகுமா?

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் வடக்கே போனால் போதும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பழவேற்காடு ஏரியின் குறுக்கே கரை போட்டுச் சாலை போகிறது. நாட்டுக்குத் தேவையான விண்வெளித் தளத்துக்குப் போட்டதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏரி இரண்டாகப் பிரிந்து, வடபகுதிக்குக் கடல்நீர் வருவது குறைந்து, கோடையில் அங்கே தரை தெரியும் நிலை வந்தது. கழியில் மண் கரை என்று யார் சொன்னாலும் இந்தச் சாலையை எடுத்துக் காட்டுங்கள்.

தூண் மேல் சாலை

இதில்தான் அதிகம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஆட்களே இதை ஒரு சமரசமாக ஏற்றுக்கொள்கிறார்கள். தூண் மேல் போனால் கீழே தண்ணீர் பாட்டுக்கு ஓடும் என்ற எண்ணம். பாலம் கட்டி முடித்த பிறகு அது பெருமளவு உண்மைதான். கட்டும் இரண்டு மூன்று வருடம் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

அனுமதியைப் பொறுத்தவரை தூண் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. மேலே சொன்ன அந்த 1ஏ விதியே தூண்மேல் சாலைகளையும் பெயர் சொல்லித்தான் சேர்த்திருக்கிறது. ஆகவே விதிவிலக்கான நிலை என்று நிரூபிப்பது, மதிப்பீடு, மாநிலப் பரிந்துரை, டெல்லி ஒப்புதல், மூன்று மடங்கு நடவு எல்லாம் இதற்கும் உண்டு. அப்புறம் ஆற்றைக் கடக்க நீர்வளத் துறையின் சம்மதம். பக்கிங்ஹாம் கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதி என்பதால் பாலத்துக்கு அடியில் எவ்வளவு உயரம் விட வேண்டும் என்ற பேச்சும் சேரும். இந்த உயரத்தில் மீனவர்களும் தங்கள் தேவையைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

சரி, கட்டுமானம். தூணுக்குத் துளை போடும் எந்திரம் கனமானது. கழியில் ஆழம் குறைவு, வற்றத்தில் மிதவைப் படகும் தரை தட்டும். அதனால் ஒப்பந்ததாரர் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி எந்திரம் போக ஒரு தற்காலிகப் பாதை போடுவார். அதாவது பாலத்துக்கு அனுமதி வாங்கி, அதன் பக்கத்திலேயே மண் கரையைப் போட்டுவிடுகிறோம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்று சொல்வார்கள். மேலே தெரிவதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீருக்கு அடியில் இருப்பதை அப்படியே விட்டால் யார் அளந்து பார்ப்பது? அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஏற்கெனவே ஆழம் குறைந்த கழியில் இன்னும் ஒரு வரப்பு நிரந்தரமாகிவிடும்.

ஆகவே தூண் சாலையை ஒப்புக்கொள்வதானால் நான் பார்ப்பது அதன் நிபந்தனைகளை. மண் பாதைக்குப் பதில் இரும்புத் தூண்கள் மேல் தற்காலிகப் பாலம் அமைத்து அதன் மேல் எந்திரத்தை ஓட்ட முடியும், செலவு கூடும், ஆனால் செய்யக்கூடியதுதான், அதை அனுமதி உத்தரவிலேயே எழுத வைக்க வேண்டும், ஒப்பந்தப் புள்ளியிலும் அந்தச் செலவைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் காசு இல்லை என்று பிறகு மண்ணைத்தான் கொட்டுவார்கள். வேலைக்கு முன் கழியின் அடி ஆழத்தை அளந்து, முடிந்த பிறகும் அளந்து, இரண்டையும் வெளியிட வேண்டும். துளை போடும்போது பயன்படுத்தும் பென்டோனைட் களிமண் கரைசல் கழியில் விழாமல் தொட்டியில் பிடித்து வெளியே கொண்டு போக வேண்டும், அது சேற்றில் படிந்தால் மெழுகிய தரை போல மூடிவிடும். பாலத்தின் மேல் விழும் மழைநீர் லாரிகளின் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு ஓட்டை வழியாக நேரே தண்ணீரில் கொட்டாமல் குழாயில் கரைக்கு வர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழிக்கு என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

உப்பளம் வழி

அனுமதி ஆலோசகர்களுக்குப் பிடித்த வழி இதுதான், காரணம் சட்டத்தில் இருக்கிற ஓர் இடைவெளி. 1991 பிப்ரவரி 19-க்கு முன் கட்டிய கரையோ மதகோ இருந்தால் உயர் அலைக்கோடு அதோடு நின்றுவிடும் என்பது சிஆர்இசட் விதி. பழைய உப்பளத்தின் கரைக்குப் பின்னால் இருக்கும் நிலம் இப்படிக் கடலோர மண்டலத்துக்கு வெளியே போய்விட இடமுண்டு. கரைக்கு உள்ளே அலையாத்தி வளர்ந்திருந்தால் மட்டும் அது 1ஏ. சரி, ஈரநில விதி காப்பாற்றுமா என்று 2017 ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைத் திறந்தால், ஈரநிலத்தின் வரையறையிலேயே உப்பு உற்பத்திக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளை விலக்கியிருக்கிறார்கள். ஆற்று வழியும் விலக்கு. சிஆர்இசட்டுக்குள் வரும் பகுதிகளுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்பது தனி. ஆக உப்பளம் இரண்டு வலைகளுக்கும் நடுவில் நழுவிப் போகிறது. நிலம் உப்புத் துறையுடையதாக இருந்தால் ஒரே கையெழுத்தில் கைமாறவும் செய்யும், வீடு இடிக்க வேண்டாம், இழப்பீட்டுத் தகராறு இல்லை.

ஆனால் அந்த உப்பளங்கள் என்ன வேலை செய்கின்றன? பூண்டியிலிருந்து கொசஸ்தலையாற்றில் திறக்கும் உபரி நீர், மழையில் ஓடிவரும் நீர் எல்லாம் கடலுக்குப் போகும் முன் பரந்து நிற்கும் இடம் எண்ணூரின் இந்தத் தாழ்நிலம். முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் வெள்ளம் வந்தால் தண்ணீருக்குக் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அதை மேடாக்கிச் சாலை போட்டால் தண்ணீர் பின்னால் மணலி புதுநகர் பக்கம் நிற்கும். 2015-இலும் 2023-இலும் அங்கே வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைச் சுவரில் இருந்த கறையே சொல்லும். எனவே அனுமதி மிகக் குறைவாகத் தேவைப்படும் வழிதான் நான்கில் எனக்கு அதிகம் பயம் தருவது. மண் கரைக்காவது டெல்லி வரை கேள்வி கேட்பார்கள். இதற்குக் கேட்க ஆளே இல்லாமல் போகலாம். யாராவது உப்பளம் வெறும் தரிசு என்று சொன்னால் நீர்வளத் துறையின் வெள்ளக் கணக்கை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் வடக்கே பழவேற்காடு பக்கமாகச் சுற்றலாமே என்று ஒரு யோசனை அவ்வப்போது வரும். அங்கே 1980-இல் அறிவித்த பறவைகள் சரணாலயம் 153.67 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் வரும், வெளியே போகும் நீரின் ஓட்டத்தை மாற்றுவதையே தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியில்லாமல் தடுக்கிறது. வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும். அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

இருக்கிற சாலையை அகலப்படுத்துவது

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதன் வலியை மறைத்துவிட்டுச் சொல்லக் கூடாது. கழிக்குள் புதிதாகக் கால் வைக்காத வழி இது. பெரும்பகுதி நகர்ப்புறமாக வளர்ந்துவிட்ட இரண்டாம் வகை நிலத்திலோ சிஆர்இசட்டுக்கு வெளியிலோ போகும். ஆற்றையும் கால்வாயையும் கடக்கும் இடத்தில் மட்டும், இருக்கும் பாலத்தை ஒட்டியே இன்னொரு பாலம் போட, அந்த நீளத்துக்கு மேலே சொன்ன தூண் சாலை அனுமதிகள் தேவைப்படும். கழிக்குள் பல நூறு மீட்டர் போவதற்குப் பதில் ஆறு குறுகலாக இருக்கும் இடத்தில் கடக்கிறோம், ஏற்கெனவே கெட்டுப்போன ஓரத்தைத்தான் கெடுக்கிறோம்.

வலி வீடுகளுக்கும் கடைகளுக்கும். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் கீழ் நிலம் எடுப்பார்கள். பல தலைமுறையாகச் சாலையோரம் இருக்கிறவர்களிடம் பட்டா இருக்காது, பட்டா இல்லாவிட்டால் இழப்பீடு பாதி வழியில் நின்றுவிடும். இதற்கான மறுகுடியமர்வுத் திட்டம் எழுத்தில் வந்த பிறகுதான் அகலப்படுத்தலுக்குத் தலையசைக்க வேண்டும், அதுவும் எழில் நகரோ பெரும்பாக்கமோ என்று தெற்குக் கோடியில் கொண்டுபோய் விடாமல் வடசென்னைக்குள்ளேயே. இன்னொன்று, லாரி நிறுத்த இடம் இல்லாமல் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அதிகமாகும் அகலம் முழுவதும் லாரி வரிசைக்கே போய்விடும். துறைமுக வாசலுக்கு அருகே நிறுத்துமிடமும், லாரிக்கு நேரம் ஒதுக்கி அனுப்பும் முறையும் இதே திட்டத்தின் பகுதியாக வர வேண்டும்.

கருத்துக் கேட்பு எப்போது உண்டு

நம்மில் பலர் எந்தச் சாலையானாலும் கூட்டம் போட்டுக் கேட்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறோம். அப்படி இல்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்பு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வழியாக வருவது. அதன் பட்டியலில் தேசிய நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலையும்தான் இருக்கின்றன. மாநகராட்சிச் சாலையோ ஊராட்சிச் சாலையோ துறைமுகத்துக்கான சிறு இணைப்போ என்று பெயரிட்டுவிட்டால் சிஆர்இசட் அனுமதி மட்டும் போதும் என்றாகிவிடலாம். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போதும் புதிதாக நிலம் எடுக்காவிட்டால் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முன்மொழிவு வந்ததும் அது எந்த வகைச் சாலை என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு நீண்ட சாலையைச் சின்னச் சின்ன இணைப்புகளாக வெட்டிக் காட்டியிருந்தால் அதை அங்கேயே எதிர்க்க வேண்டும்.

கூட்டம் உண்டு என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், நிகழ்ச்சி முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பேசுவதோடு எழுத்திலும் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கூட்டம் இல்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டலக் குழுவுக்குப் போங்கள். மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. நம் பகுதிக்கு அந்த மூன்று பேர் யார், அவர்களுக்குக் கோப்பு எப்போது போகிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது ஆர்ப்பாட்டத்தை விடப் பலன் தரும்.

உள்ளூர் அமைப்பு அனுமதி கொடுத்துவிட்டது, இனி என்ன என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். கேரளத்தில் மரடு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் உள்ளூர் அமைப்பின் அனுமதி இருந்தது. கடலோர ஆணையத்தின் அனுமதி இல்லை, 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே நேரம், வேலை பாதி நடந்துவிட்டால் நீதிமன்றம் நிறுத்தத் தயங்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். மும்பைக் கடற்கரைச் சாலையின் சிஆர்இசட் அனுமதியை 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்து வேலையைத் தொடர விட்டது. அதனால் முதல் லோடு மண் இறங்குவதற்கு முன்பே போக வேண்டும். அனுமதி உத்தரவு வெளியானதிலிருந்து பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதைத் தாண்டினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. உத்தரவுகள் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் இணையதளத்தில் ஏறும், ஊர்ச் சங்கத்தில் இளைஞர் ஒருவர் வாரம் ஒருமுறை அதில் திருவள்ளூர், சென்னை மாவட்டப் பெயர்களைத் தேடிப் பார்த்தால் தேதி தவறாது.